டோனருக்கு முன்னால் ஹைப்போ: வன்னித் தண்ணீரில் கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு நிறமேற்றுதல்

டோனிங் செய்த, அதாவது அச்சிட்டபின் மருந்தில் நிறமேற்றிய, படத்தின் வெள்ளை ஓரத்தில் மஞ்சள் ஏறினால் முதலில் அந்த மருந்தான டோனர்தான் ஏச்சு வாங்கும். டோனரில் அநேகமாகக் குற்றம் இருக்காது. கடதாசிக்குள் இருக்கக்கூடாத ஏதோ ஒன்று ஏற்கெனவே தங்கிவிட்டது, டோனர் அதைக் காட்டிக்கொடுக்கிறது. வெளிநாட்டுக் கையேடுகள் 20 பாகைத் தண்ணீரையும் இருபத்துநான்கு மணிநேரமும் ஓடும் குழாயையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ இருட்டறை வைத்திருப்பவருக்கு அந்த இரண்டும் இல்லை. அதனால் இந்தப் பதிவில் பாதி, டோனர்த் தட்டுக்கு முன்னால் நடக்க வேண்டியதைப் பற்றியது.

படத்தில் தெரியும் கறுப்பு என்பது நுண்ணிய உலோக வெள்ளி. டோனிங்கில் அந்த வெள்ளியை வெள்ளிச் சல்பைட்டாகவோ வெள்ளிச் செலினைட்டாகவோ மாற்றுகிறோம், அல்லது அதன்மேல் தங்கத்தைப் படியவிடுகிறோம். நிறம் மாறுவது ஒரு பக்கம். வெறும் வெள்ளியைவிட இந்தச் சேர்வைகள் காற்றிலுள்ள கந்தகத்துக்கும் ஈரத்துக்கும் நன்றாகத் தாக்குப்பிடிப்பது மறுபக்கம். மாரியில் அலுமாரிக் கதவு உப்பிப்போகும் வீடுகளில் இந்த இரண்டாவது காரணமே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஹைப்போ என்பது வெளிச்சம் படாத வெள்ளி உப்பைக் கடதாசியிலிருந்து கரைத்தெடுக்கும் தயோசல்பேற்றுக் கரைசல். அது சரியாக வேலை செய்யாவிட்டால் கடதாசியில் வெள்ளித் தயோசல்பேற்றுச் சிக்கல்கள் எஞ்சும். கண்ணுக்குத் தெரியாது. சல்பைட்டோ செலினியமோ பட்டதும் அவையும் நிறமேறி வெள்ளைப் பகுதியை மஞ்சளாக்கும். இது போகாத கறை. அடுத்தது, ஹைப்போ வேலையை முடித்தும் கழுவல் போதாமல் தயோசல்பேற்றே தங்கிவிடுவது. அந்தப் படத்தை, சில டோனர்களுக்கு முன் வெள்ளியை வெளிறச் செய்யும் பெரிசயனைட்டு வெளிற்றியில் போட்டால் தட்டிலேயே ஃபார்மர்ஸ் ரெடியூசர் உருவாகிவிடும். ஹோவார்ட் ஃபார்மர் 1883இல் வெளியிட்ட அதே வெள்ளி அரிக்கும் கலவை. முகத்தின் வெளிச்சப் பகுதிகளும் வெள்ளைச் சேலையின் மடிப்புகளும் கரைந்து போகும். அதன்பிறகு எந்த டோனரில் போட்டாலும் அவை திரும்பி வராது, ஏனென்றால் திரும்பி வருவதற்கு அங்கே வெள்ளி இல்லை.

ஃபைபர் கடதாசிக்கு, அதாவது பிளாஸ்டிக் பூச்சில்லாத கடதாசிக்கு, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு தட்டு ஹைப்போ வையுங்கள். அமோனியம் தயோசல்பேற்று அடிப்படையிலான ராப்பிட் ஃபிக்சர் (விரைவாக வேலை செய்யும் ஹைப்போ) கிடைத்தால் 1+4 கலவையில், அதாவது ஒரு பங்கு மருந்துக்கு நான்கு பங்கு தண்ணீரில், தட்டுக்கு ஒரு நிமிடம் போதும். நீண்ட நேரம் போட்டால் மருந்து கடதாசி நார்களுக்குள் ஆழமாக இறங்கி, கழுவ வேண்டிய நேரம்தான் கூடும். கிடைக்காவிட்டால் சாதாரண ஹைப்போப் பளிங்கு: லீற்றருக்கு 250 கிராம் சோடியம் தயோசல்பேற்று, 20 கிராம் நீரற்ற சோடியம் சல்பைற்று, தட்டுக்கு நான்கு நிமிடம். பளிங்கு கரையும்போது தண்ணீர் பல பாகை குளிர்ந்துவிடும். கோடையில் இது வசதி. நிழலில் வைத்த தண்ணீரில் வேலைக்குச் சற்று முன்னால் கரைத்தால் ஐஸ் தேடும் வேலை ஒன்று குறையும். வன்மையூட்டும் படிகாரம் சேர்த்த ஹைப்போவை டோனிங்குக்குப் போகும் படத்துக்குப் பாவிக்க வேண்டாம். படத்தின் வெள்ளியைத் தாங்கும் ஜெலற்றின் பூச்சைச் சூட்டில் காப்பாற்றும் என்பது உண்மைதான், ஆனால் டோனர் உள்ளே போவதையும் ஹைப்போ வெளியே வருவதையும் சேர்த்தே தடுக்கும்.

முதல் தட்டில் வெள்ளி ஏற ஏற அதைத் தள்ளிவிட்டு, இரண்டாவதை முதலாவது ஆக்கி, புதிதாக ஒன்று கரைக்க வேண்டும். நெடுங்காலம் இருக்க வேண்டிய படத்துக்கு ராப்பிட் ஃபிக்சரை ஒற்றைத் தட்டில் பாவித்தால் லீற்றருக்கு 8க்கு 10 அங்குல ஃபைபர்த் தாள் பத்து அளவில் நிறுத்திவிடுங்கள். நாற்பது வரை போகலாம் என்று பாட்டிலில் இருக்கும் கணக்கு சாதாரணப் படத்துக்கு உரியது.

கழுவலுக்கு வருவோம். ஹைப்போவிலிருந்து எடுத்ததும் ஐந்து நிமிடம் சும்மா தண்ணீர். பிறகு 2 வீத சோடியம் சல்பைற்றுக் கரைசலில், அதாவது லீற்றருக்கு 20 கிராமில், பத்து நிமிடம் அசைத்தபடி. இதற்குப் பிறகுதான் இறுதிக் கழுவல். ஓடும் தண்ணீர் தேவையே இல்லை. ஹைப்போ கடதாசியிலிருந்து தண்ணீருக்கு ஊறி வருகிறது. இரண்டிலும் செறிவு சமமாகும்வரைதான் அது நகரும். அதனால் தட்டை நிரப்பி, ஐந்து நிமிடம் படங்களைப் புரட்டிப் புரட்டி வைத்து, முழுவதையும் ஊற்றிவிட்டு மறுபடி நிரப்புவதே சிக்கனம். சல்பைற்றுக் குளியல் கொடுத்த படத்துக்கு எட்டுத் தடவை மாற்றினால் அநேகமாகப் போதும். மோட்டர் போட்டு ஏற்றிய தண்ணீரை ஒரு மணிநேரம் திறந்துவிடுவதைவிட இது நல்ல கழுவல்.

முல்லைத்தீவுக் கரைப் பக்கம் கிணறு உவர் என்றால் அதற்காகக் கவலைப்பட வேண்டாம். உப்புத் தண்ணீர் ஹைப்போவை நல்ல தண்ணீரைவிட விரைவாக வெளியேற்றும். முதல் சில மாற்றங்களை உவர்த் தண்ணீரிலேயே செய்து, கடைசி மூன்றையும் நல்ல தண்ணீரில் முடியுங்கள். உப்போடு காயவிட்டால் மட்டும் படம் கெடும்.

போதுமா என்று ஊகிக்காமல் சோதித்துப் பாருங்கள். எஞ்சிய ஹைப்போவுக்குக் கோடக்கின் எச்டி-2 (HT-2) சோதனை: வெள்ளி நைத்திரேற்று 0.75 கிராம், 28 வீத அசற்றிக்கமிலம் 12.5 மில்லிலீற்றர், காய்ச்சி வடித்த தண்ணீர் சேர்த்து 100 மில்லிலீற்றர். கபில நிறப் போத்தலில் வையுங்கள். கையில் பட்டால் நாட்கணக்கில் கறுப்பு. படத்தின் வெள்ளை ஓரத்தை ஒற்றி எடுத்து ஒரு துளி விட்டு இரண்டு நிமிடம் பொறுங்கள். மிக மெல்லிய பால்நிறக் கறையைத் தாண்டி மஞ்சளோ கபிலமோ வந்தால் கழுவல் போதாது. எங்கள் தண்ணீரில் இதற்கொரு பொறி உண்டு. கிணற்று நீரின் குளோரைட்டு வெள்ளி நைத்திரேற்றோடு சேர்ந்து வெண்படிவு தரும், அது வெளிச்சத்தில் கறுக்கும், ஹைப்போ இல்லாத படமும் தோற்றுவிட்டதுபோலத் தெரியும். சோதிக்கும் மூலையை முதலில் பற்றரித் தண்ணியில் (பற்றரிக்கு விடும் காய்ச்சி வடித்த தண்ணீரில்) அலசிவிட்டு, மங்கிய வெளிச்சத்தில் பாருங்கள். பற்றரித் தண்ணி என்று கேட்டால் சில கடைகளில் அமிலத்தை நீட்டுவார்கள். லேபிளை வாசித்து வாங்குங்கள்.

எஞ்சிய வெள்ளிக்குச் சோதனை இன்னும் எளிது. 1+9 செலினியம் டோனரில் ஒரு துளியை ஈர ஓரத்தில் இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். மஞ்சள் வந்தால் படத்தைத் திரும்பவும் புதிய ஹைப்போவில் போட்டு, கழுவலையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

தண்ணீரைப் பற்றி இரண்டு விடயம். ஆழமான கிணற்றுத் தண்ணீர் விடியற்காலையிலேயே 28 பாகைக்குக் கிட்ட நிற்கும். கோபுரத் தாங்கியில் வெயில் ஏறிய பிறகு அது கையைச் சுடும். 30 பாகைக்கு மேல் ஜெலற்றின் வீங்கி இளகி, ஓரம் மடிப்பு மடிப்பாகக் கழன்று வரும். நகம் பட்டாலே கோடு விழும். 20 பாகைக்கு இறக்க வேண்டியதில்லை. 24 முதல் 26 போதும். போத்தலில் உறையவைத்த தண்ணீரைத் தட்டுக்குள் மிதக்கவிடுங்கள், மீன்பெட்டி ஐஸை நேரே போடாதீர்கள். குளிர்ச்சியைவிட முக்கியம் எல்லாத் தட்டும் ஒரே சூட்டில் இருப்பது. கையேட்டு நேரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு என்று தொடங்கிக் கண்ணால் பார்த்து முடிவெடுங்கள்.

இரண்டாவது கறள். பழைய இரும்புக் குழாய், மோட்டரின் கறள், செம்மண் கலங்கல், இவற்றில் எதன் துகளாவது பெரிசயனைட்டு வெளிற்றியில் விழுந்தால் அந்த இடத்தில் நீலப் புள்ளி விழும். பிரஷ்யன் நீலம் அது. எனாமல் பெயர்ந்த தட்டிலும் இதே கதை. பிளாஸ்டிக் தட்டு, துணியில் வடித்த தண்ணீர், முடிந்தால் மருந்து கரைக்க மட்டும் மாரியில் கூரையிலிருந்து பிடித்த மழைத் தண்ணீர். முதல் மழையைப் பிடிக்காதீர்கள், அது கூரையைக் கழுவிய தண்ணீர்.

இனி டோனர்கள்.

செலினியத்தில் தொடங்குவது நல்லது, ஏனென்றால் இதில் கெடுக்கக் கடினம். கோடக் ராப்பிட் செலினியம் டோனர் போன்ற திரவத்தில் செலினியச் சேர்வையோடு அமோனியம் தயோசல்பேற்றும் இருக்கும். அதனால்தான் அந்த அமோனியா மணம். நேரடி டோனர், வெளிற்றல் இல்லை. நிழல்களில் தொடங்கி வெளிச்சங்களை நோக்கி ஏறும். இல்ஃபோர்ட் மல்ட்டிகிரேட் வார்ம்டோன் போன்ற வெம்மைச் சாயல் கடதாசியில் 1+19 கலவையில் இரண்டு நிமிடத்துக்குள் செங்கபிலம் எட்டிப்பார்க்கும், நான்கில் கத்தரிப்பூ நிறத்துக்குப் போகும். நிறச்சாயல் இல்லாத நடுநிலைக் கடதாசியில் நிறம் அவ்வளவாக மாறாது. கறுப்பு மட்டும் ஆழமாகும். பழைய மல்ட்டிகிரேட் நான்காம் தலைமுறை ஃபைபர் செலினியத்துக்கு அசையவே அசையாது என்று பெயர் வாங்கியது. அதற்குப் பின்வந்த கிளாசிக் பரவாயில்லை.

மாற்றம் மெதுவாக வருவதால் கண் பழகிவிடும். டோன் செய்யாத இன்னொரு படத்தை ஈரமாகவே பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். மஞ்சள் குமிழ் வெளிச்சத்தில் எந்தப் படமும் செம்மையாகத் தெரியும் என்பதால் யன்னலோர நிழல் வெளிச்சமே சரி. விரும்பிய நிறத்துக்குச் சற்று முன்னாலேயே வெளியே எடுக்க வேண்டும், கழுவல் தொட்டிக்குப் போகும்வரை அது ஓடிக்கொண்டே இருக்கும். நிழல்கள் இறுகும் என்பதால் இந்தப் படத்தைச் சற்று மென்மையான கொன்ற்றாஸ்டில் அச்சிடுவது வழக்கம். பாவித்த கரைசலை ஊற்றாதீர்கள். கறுப்பு வண்டலைத் துணியில் வடித்து, வேகம் குறையும்போது செறிந்த டோனர் கொஞ்சம் சேர்த்து, அதே போத்தலை வருடக்கணக்கில் ஓட்டலாம்.

செப்பியாவில், அதாவது கபில நிறமேற்றலில், விளையாட நிறைய இடம் உள்ளது. பழைய முறை சோடியம் சல்பைட்டு. அழுகிய முட்டை மணம், அதைவிட மோசமாக அதிலிருந்து கிளம்பும் ஐதரசன் சல்பைட்டு பக்கத்து அறையிலுள்ள பாவிக்காத கடதாசியையும் பிலிமையும் மூட்டமாக்கும். அமிலம் பட்டால் ஆளுக்கே ஆபத்து. அதன் செதில்கள் மாரி ஈரத்தில் டப்பாவுக்குள்ளேயே தண்ணீராகிவிடும். வாங்கப் போகும்போது சல்பைட்டும் சல்பைற்றும் கடையில் மாறிப்போக இடமுண்டு, சீட்டில் வாய்பாட்டையும் எழுதுங்கள். என் கணிப்பில் தயோயூரியா எல்லாவிதத்திலும் மேல், மணமில்லை, நிறத்தையும் நாமே தீர்மானிக்கலாம்.

வெளிற்றி: லீற்றருக்குப் பொற்றாசியம் பெரிசயனைட்டு 10 கிராம், பொற்றாசியம் புரோமைட்டு 10 கிராம். பத்து மடங்கு செறிவில் கரைத்து இருட்டுப் போத்தலில் வைத்து, வேலையன்று 1+9 ஆக்கலாம். டோனருக்கு இரண்டு போத்தல்: ஒன்றில் 10 வீதத் தயோயூரியா, மற்றதில் 10 வீதச் சோடியம் ஐதரொட்சைட்டு. ஐதரொட்சைட்டைத் தான் குளிர்ந்த தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும், தண்ணீரை அதன்மேல் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். போருக்கு முன்னால் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் ஆனையிறவு உப்பைக்கொண்டு செய்ததும் இதே கோஸ்டிக் சோடாதான். இன்றைக்கு ஆய்வுகூடச் சாமான் விற்பவர்களிடம் வாங்க வேண்டியிருக்கிறது. குழாய் அடைப்பு நீக்கவென்று விற்கும் தூளில் வேறு என்னென்ன கலந்திருக்கும் என்று தெரியாது, அது வேண்டாம்.

வேலைக் கரைசல் 500 மில்லிலீற்றருக்கு இரண்டு போத்தலிலுமாகச் சேர்த்து 60 மில்லிலீற்றர். தயோயூரியா 10, ஐதரொட்சைட்டு 50 என்றால் குளிர்ந்த கருங்கபிலம். 30க்கு 30 என்றால் நடுத்தரம். 50க்கு 10 என்றால் வைக்கோல் மஞ்சள். காரம் கூடக் கூட ஜெலற்றினும் மென்மையாகும் என்பதால் கோடை மத்தியானத்தில் முதல் விகிதத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

படத்தை முதலில் சாதாரண தண்ணீரில் இரண்டு நிமிடம் ஊறவிடுங்கள். காய்ந்த படத்தை வெளிற்றியில் போட்டால் ஒரே சீராகப் பிடிக்காது. வெளிற்றல் செலினியத்துக்கு எதிர்த்திசையில் போகும். வெளிச்சங்கள் முதலில் மறையும், நிழல்கள் கடைசியில். முழுவதும் வெளிற்றினால் வைக்கோல் நிறத்தில் ஒரு சாயல்தான் மிஞ்சும், பயப்பட வேண்டாம். பிறகு தண்ணீரிலுள்ள மஞ்சள் முற்றாகப் போகும்வரை கழுவுங்கள். பெரிசயனைட்டு எஞ்சினால் டோனரில் திட்டுத்திட்டாகக் கறை பிடிக்கும். டோனரில் படம் சில வினாடிகளிலேயே எழும்பி வரும். நிறம் வந்துவிட்டதென்று உடனே எடுக்காமல் ஒன்றிரண்டு நிமிடம் விட்டு வேலையை முடியவிடுங்கள். பாதியில் எடுத்த படத்தில் எஞ்சிய வெள்ளி புரோமைட்டு பிறகு வெளிச்சத்தில் கறுக்கும்.

செப்பியாவில் கறுப்பு கொஞ்சம் வலுவிழக்கும். அதனால் அச்சிடும்போதே 10 முதல் 15 வீதம் கூடுதல் வெளிச்சம் கொடுத்து, டெவலப்பரில் முழு நேரமும் விட வேண்டும். அவசரத்தில் டெவலப்பரிலிருந்து முன்கூட்டியே இழுத்த படம் செப்பியாவில் அழுக்கு மஞ்சளாகத்தான் வரும். கடதாசியும் நிறத்தைத் தீர்மானிக்கும். வெள்ளித் துகள் எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு வெம்மை. அதே 30க்கு 30 கலவை வார்ம்டோன் கடதாசியில் மணல் நிறமாகவும் நடுநிலை ஆர்சி (பிளாஸ்டிக் பூச்சுள்ள) கடதாசியில் சொக்கலேற் நிறமாகவும் வரும்.

எனக்குப் பிடித்தது இரண்டையும் சேர்ப்பது. முதலில் செலினியம் 1+9இல், நிழல்கள் மட்டும் மாறும்வரை. பின் முழுக் கழுவல், சல்பைற்றுக் குளியல் உட்பட. செலினியம் டோனருக்குள்ளேயே தயோசல்பேற்று இருப்பதை மறந்து நேரே வெளிற்றிக்குப் போனால் மேலே சொன்ன ஃபார்மர் மறுபடி வந்துவிடுவார். அதன்பின் மூன்று மடங்கு நீர்த்த வெளிற்றியில் வெளிச்சங்களை மட்டும் 30 வினாடி போல. செலினைட்டாக மாறிய நிழலைப் பெரிசயனைட்டு இலகுவில் தொடாது. கடைசியில் தயோயூரியா. இரணைமடுக் குளக்கரை மாதிரி, பனைகள் இருண்டு வானமும் நீரும் வெளுத்த ஒரு படத்தில், மரங்கள் கருஞ்செம்மையிலும் வானம் மெல்லிய மஞ்சளிலும் பிரிந்து நிற்கும். நடுச்சாயல் அதிகமுள்ள சட்டகத்தில் இது எடுபடாது, அழுக்காகத்தான் தெரியும்.

தங்கம் விலைக்காக ஒதுக்கப்படுகிறது. கோடக்கின் ஜிபி-1 வாய்பாட்டில் லீற்றருக்கு 1 வீதத் தங்கக் குளோரைட்டு 10 மில்லிலீற்றர், தனியே கரைத்த சோடியம் தயோசயனேற்று 10 கிராம், பத்து நிமிடம். வெறும் வெள்ளிப் படம் இதில் நீலச் சாயல் கொள்ளும். முழுச் செப்பியா செய்த படம் செம்மஞ்சளாகும். பாதி வெளிற்றிச் செப்பியா செய்ததில் நிழல் நீலம், வெளிச்சம் பீச்பழ நிறம்.

இரும்பு நீலம் மலிவு, ஆனால் நிலைக்காது. ஒரு லீற்றரில் பெரிசயனைட்டு 2 கிராம், இன்னொரு லீற்றரில் பெரிக்கு அமோனியம் சித்திரேற்று 2 கிராம், இரண்டிலும் செறிந்த சல்பூரிக்கமிலம் 4 மில்லிலீற்றர் வீதம் தண்ணீருக்குள் மெதுவாக விட்டு, வேலை நேரத்தில் சமமாகக் கலப்பது. படம் கறுக்கும் என்பதால் அச்சு வெளிறலாக இருக்க வேண்டும். வெள்ளையிலுள்ள மஞ்சள் போகக் கழுவும்போதுதான் எங்கள் ஊர்ப் பிரச்சினை. சவர்க்காரம் நுரைக்காத அந்தக் காரத் தண்ணீரில் பத்து நிமிடம் விட்டால் மஞ்சளோடு நீலமும் போய்விடும். லீற்றருக்கு ஒரு கிராம் சித்திரிக்கமிலம் போட்ட தண்ணீரில் கழுவுங்கள். தேசிக்காய்ச் சாறு வேண்டாம், அதன் சக்கை படத்தில் ஒட்டும்.

தேயிலைச் சாயத்தில் ஊறவைப்பதையும் டோனிங் என்கிறார்கள். அது கடதாசியைச் சாயமிடுவது. வெள்ளிக்கு ஒன்றும் ஆகாது, பாதுகாப்பும் கிடைக்காது.

கடைசி அலசல் மழைத் தண்ணீரில் இருந்தால் காய்ந்த பின் சுண்ணாம்புத் தூள் தெரியாது. நுளம்பு வலையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி அதன்மேல் உள்ளறையில் காயவிடுங்கள். சோளகம் வீசும் மாதங்களில் யன்னலைத் திறந்தால் செம்மண் ஈர ஜெலற்றினில் பதிந்துவிடும்.

கையுறை கட்டாயம், தயோயூரியாவுக்கும் செலினியத்துக்கும் இரண்டு மடங்கு கட்டாயம். காற்றோட்டமும் வேண்டும், எந்தத் தட்டும் குசினிக்குத் திரும்பக்கூடாது. பெரிசயனைட்டைச் செறிந்த அமிலத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் சயனைட்டு வாயு வரும். கழிவை நிலத்தில் ஊற்றாதீர்கள். மழைக்கு அது கிணற்றுக்குத்தான் வரும். செலினியத்தைத் தள்ளியே ஆகவேண்டும் என்றால், கழித்துவிட்ட கருமையான படங்களை அதில் நாட்கணக்கில் ஊறப்போட்டு வலுவை இறக்கி, எஞ்சியதை லேபிள் ஒட்டிய கானில் மூடி வையுங்கள். பாவித்த ஹைப்போவில் உருக்குப் பஞ்சைப் போட்டு வைத்தால் வெள்ளி சேறாகப் படியும்.

இடம்பெயர்வுகளில் பொலித்தீன் பையில் சுற்றிக் காப்பாற்றிய கல்யாணப் படங்களை டோன் செய்து பாதுகாக்க முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள். கண்ணாடிபோல மினுங்கும் ஓரங்கள், அந்தக் காலத்து ஸ்ரூடியோவின் பென்சில் திருத்தம், கைவண்ணம், எஞ்சிய ஹைப்போ எல்லாம் அந்தக் கடதாசியில் இருக்கும். வெளிற்றியில் போட்டால் எது போகும் எது நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் 45 பாகைச் சரிவில் விளக்கு வைத்து நெகற்றிவில் பிரதி எடுங்கள். அதை வார்ம்டோன் ஃபைபரில் அச்சிட்டு, மூலத்தின் கபிலத்துக்குக் கிட்ட வரும்வரை தயோயூரியா விகிதத்தைச் சிறு துண்டுகளில் சோதியுங்கள். தயோயூரியா 20, ஐதரொட்சைட்டு 40 என்று தொடங்கலாம். துண்டுகள் முழுதாகக் காய்ந்த பிறகே ஒப்பிட வேண்டும், ஈரத்தில் பார்த்த நிறம் காய்ந்ததும் மாறும்.